சமையலறையில் ஒரு கம்ப்யூட்டர்: மல்டி குக்கரைப் புரிந்து இயக்குவோம்

கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே பயத்தில் பிறந்தவை. "தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டால் கெட்டுப் போய்விடுமா?" என்பதுதான் அந்தப் பயம். இதே பயத்தை இப்போது பல வீடுகளின் சமையலறையிலும் பார்க்கிறேன். எலக்ட்ரிக் மல்டி குக்கரை ஆசையாக வாங்கி வைத்திருப்பார்கள். அதன் முகப்பில் பத்து, பதினைந்து பட்டன்கள் இருக்கும். சாதம் என்று குறிப்பிட்ட ஒரே ஒரு பட்டனைத் தவிர வேறு எதையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பிரஷர் குக்கர், ரைஸ் குக்கர், இட்லி வேக வைப்பது, தாளிப்பது, தயிர் உறைய வைப்பது, சூடாக வைத்திருப்பது எனப் பல வேலைகளை ஒரே பாத்திரத்தில் செய்து தரும் இந்தச் சாதனத்திற்குள் ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. எனவே இந்த மாதப் பாடத்தை மேஜையை விட்டுச் சமையலறைக்கு மாற்றிக் கொள்வோம். குக்கர் புரிந்தால் கம்ப்யூட்டர் புரியும். கம்ப்யூட்டர் புரிந்தால் குக்கரில் வீட்டுச் சமையலைப் பயமின்றிச் செய்திடலாம்.

கொஞ்சம் வரலாறு

நீராவியை அடைத்து வைத்துச் சமைக்கும் முறையை பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த டெனிஸ் பாப்பின் 1679ல் உருவாக்கினார். அழுத்தம் அதிகமானால் தானே திறந்து கொள்ளும் சேப்டி வால்வும் அவருடைய கண்டுபிடிப்புதான். தானாக நின்றுவிடும் எலக்ட்ரிக் ரைஸ் குக்கரை ஜப்பானின் டோஷிபா நிறுவனம் 1955ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதை வடிவமைத்த யோஷிதாதா மினாமியின் மனைவி ஃபுமிகோ, வீட்டில் திரும்பத் திரும்பச் சோறாக்கிப் பார்த்துச் சோதனை செய்தார். புதிய சாப்ட்வேரை வெளியிடும் முன் பயன்படுத்திப் பார்க்கிறார்களே, அதே வேலைதான் அது.

அந்த ரைஸ் குக்கரில் சிப் எதுவும் கிடையாது. தண்ணீர் இருக்கும் வரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்தவுடன் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தில் வளையும் உலோகத் தகடு ஸ்விட்ச்சை அணைத்துவிடும். அவ்வளவுதான்.

பின்னர் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிப் வந்தது. ப்ராசசர், மெமரி ஆகிய எல்லாம் ஒரே சில்லில் அடங்கிய இந்த வகைச் சிப்பை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1974ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு, ரைஸ் குக்கர் எனப் பலவற்றிலும் இது புகுந்தது. 2010ல் கனடாவில் வெளியான இன்ஸ்டன்ட் பாட் என்ற மல்டி குக்கர் உலகம் முழுக்கப் பிரபலமானது. அதை உருவாக்கிய ராபர்ட் வாங், கம்ப்யூட்டர் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

உங்கள் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரை இன்புட், ப்ராசசர், மெமரி, அவுட்புட் என்று பிரித்துப் பார்ப்போம் அல்லவா? குக்கரையும் அப்படியே பிரிக்கலாம்.

இன்புட்: முகப்பில் உள்ள பட்டன்கள்தான் இதன் கீ போர்டு. இவை தவிர, உள் பாத்திரத்தின் அடிப்பகுதியைத் தொட்டுக் கொண்டிருக்கும் வெப்ப சென்சார் உண்டு. அழுத்தத்தை அறியும் ஸ்விட்ச் அல்லது சென்சாரும் உண்டு.

ப்ராசசர்: மைக்ரோகண்ட்ரோலர். சென்சார் தரும் தகவலைத் தொடர்ந்து பார்த்துக் கொண்டே இருக்கும்.

மெமரி: ஒவ்வொரு பட்டனுக்கும் உரிய ப்ரோகிராம் தொழிற்சாலையிலேயே பதியப்பட்டிருக்கும்.

அவுட்புட்: அடியில் உள்ள ஹீட்டர், எண்களைக் காட்டும் டிஸ்பிளே, முடிந்ததும் ஒலிக்கும் பீப் சத்தம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை மூன்றே மூன்றுதான்: அடிப்பாகத்தின் வெப்பம், உள்ளே உள்ள அழுத்தம், கடந்து போன நேரம். உள்ளே இருப்பது பருப்பா, பாயசமா என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள், அரிசி புதியதா பழையதா என்றும் தெரியாது. அதை எல்லாம் தெரிந்தவர் நீங்கள்தான். இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு செய்தியின் விரிவாக்கமே.

பட்டன்கள் எல்லாம் ஷார்ட்கட்டே

டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான் ஒரு ஷார்ட்கட்தான். அதன் பின்னால் இருக்கும் ப்ரோகிராம்தான் வேலையைச் செய்கிறது. குக்கரின் பட்டன்களும் இப்படித்தான். பருப்பு, சூப், இறைச்சி, பீன்ஸ் என்று தனித்தனிப் பட்டன்கள் இருந்தாலும் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பது "இந்த அழுத்தத்தில் இத்தனை நிமிடம் வேக வை" என்ற ஒரே கட்டளைதான். நிமிடங்களின் எண்ணிக்கை மட்டுமே பெரும்பாலும் மாறுகிறது.

எனவே எல்லாப் பட்டன்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான் புதியவர்களுக்குச் சொல்வது நான்கு பட்டன்கள் மட்டும். முதலாவது, நேரத்தை நாமே அமைக்கும் மேனுவல் அல்லது பிரஷர் குக். இரண்டாவது, மூடி இல்லாமல் தாளிக்கவும் வதக்கவும் உதவும் சாட்டே. மூன்றாவது, ஸ்டீம். நான்காவது, எதையும் நிறுத்தும் கேன்சல். சந்தேகம் வந்தால் கேன்சல் அழுத்துங்கள். எதுவும் கெட்டுவிடாது.

விசில் கணக்கும் நிமிடக் கணக்கும்

நம் வீடுகளில் "பருப்புக்கு நாலு விசில்" என்றுதான் சொல்வார்கள். விசில் என்பது நேரத்தின் அளவு அல்ல. தீயைக் கூட்டினால் விசில் சீக்கிரம் வரும். குறைத்தால் தாமதமாக வரும். சிறிய குக்கரில் ஒரு கணக்கு, பெரிய குக்கரில் வேறு கணக்கு.

மல்டி குக்கரில் விசிலே கிடையாது. இங்கு எல்லாம் நிமிடக் கணக்கு. மேலும், நம் கேஸ் அடுப்புக் குக்கர் சதுர அங்குலத்திற்குச் சுமார் 15 பவுண்ட் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அப்போது உள்ளே வெப்பம் 121 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். மல்டி குக்கர்கள் பலவற்றில் அதிக அழுத்தம் என்பதே 10 முதல் 12 பவுண்ட்தான். வெப்பம் 115 முதல் 118 டிகிரி வரை இருக்கும். அதனால் அடுப்பில் ஆகும் நிமிடங்களைவிட இதில் இரண்டு, மூன்று நிமிடங்கள் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும்.

என் அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. காது சற்று மந்தம். விசில் எத்தனை வந்தது என்பது அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. வேறு அறையில் இருந்தால் அடுப்பு எரிவதே மறந்துவிடும். அவர் தனியாக இருக்கும் நேரத்தில் கேஸ் அடுப்பில் குக்கர் வைக்க வேண்டாம் என்று நாங்கள் சொன்னபோது, சமையலையே பறித்துவிட்டது போல் வருத்தப்பட்டார். அதனால்தான் எங்கள் வீட்டிற்கு 6 லிட்டர் மல்டி குக்கர் வந்தது. எண்ண வேண்டிய விசில் இல்லை, அணைக்க வேண்டிய தீ இல்லை, முடிந்ததும் தானே நின்றுவிடும்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, பத்து நிமிஷம்னுதானே வச்சேன்? அரை மணி நேரமாகியும் திறக்கலையே?" என்பதுதான். புதியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. விடையைப் பார்ப்போம்.

டைமர் எப்போது ஓடத் தொடங்கும்?

நீங்கள் 10 நிமிடம் என்று அமைத்தால், அழுத்தம் முழுமையாக ஏறிய பின்பே அந்த 10 நிமிடம் எண்ணப்படும். அதுவரை டிஸ்பிளேயில் "ஆன்" என்றோ, சுழலும் கோடுகளோ தெரியும். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் வேலை செய்ய முடிகிறதா? விண்டோஸ் ஏறும் வரை காத்திருக்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

ஆகவே மொத்த நேரத்தில் மூன்று பகுதிகள் உள்ளன.

1. சூடேறும் நேரம்: பாத்திரத்தில் உள்ள அளவைப் பொறுத்து 8 முதல் 20 நிமிடம் வரை.

2. வேகும் நேரம்: நீங்கள் அமைத்தது.

3. அழுத்தம் இறங்கும் நேரம்: தானாக இறங்கவிட்டால் 10 முதல் 20 நிமிடம் வரை.

அழுத்தத்தை இறக்க இரண்டு வழிகள் உண்டு. தானாக அடங்கவிடுவது, கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்வது போன்றது. வால்வைத் திருப்பி உடனே வெளியேற்றுவது இன்னொரு வழி. காய்கறிக்கு இது ஏற்றது. ஆனால் பருப்பு, பொங்கல், கஞ்சி போல நுரைத்துப் பொங்கும் உணவுகளுக்கு இது கூடாது. கொதிக்கும் கஞ்சி வால்வு வழியாகச் சீறி வெளியே வரும். வால்வைத் திருப்பும்போது நீளமான மரக்கரண்டியால் திருப்பவும். முகத்தையும் கையையும் வால்வுக்கு மேலே கொண்டு செல்லக் கூடாது.

மூடியில் உள்ள சிறிய உலோக ஊசி கீழே இறங்கிய பின்னரே மூடி திறக்கும். அதற்கு முன் பலத்தைக் காட்டித் திறக்க முயலாதீர்கள்.

பாடம் 1: தண்ணீர் சோதனை

புதிய குக்கரில் முதல் நாளே சாம்பார் வைக்க வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரைக் கொண்டு இயக்கிப் பாருங்கள்.

1. உள் பாத்திரத்தை வைத்துவிட்டீர்களா என்று பார்க்கவும். பாத்திரம் இல்லாமல் அரிசியையோ தண்ணீரையோ நேராகக் குக்கருக்குள் கொட்டினால் ஹீட்டரும் சர்க்யூட்டும் வீணாகும். ஆபத்தும் உண்டு.

2. மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றவும்.

3. மூடியின் உட்புறம் உள்ள ரப்பர் காஸ்கெட் சரியாகப் பொருந்தியுள்ளதா எனப் பார்த்து மூடவும்.

4. வால்வை மூடும் நிலைக்குத் திருப்பவும்.

5. பிரஷர் குக் அழுத்தி 3 நிமிடம் அமைக்கவும்.

உலோக ஊசி மேலே எழுவதையும், பிறகே எண்கள் குறையத் தொடங்குவதையும் கவனிக்கவும். ஓரங்களில் ஆவி கசிந்தால் காஸ்கெட்டை மீண்டும் பொருத்த வேண்டும். இந்த ஒரு சோதனையில் பாதிப் பயம் போய்விடும்.

பாடம் 2: பருப்பும் சாதமும் ஒரே நேரத்தில்

துவரம் பருப்பு ஒரு கப், தண்ணீர் மூன்று கப், மஞ்சள் தூள், சில சொட்டு நல்லெண்ணெய். அதிக அழுத்தத்தில் 10 நிமிடம் வைத்து, தானாக அடங்கவிடவும். எண்ணெய் விடுவது நுரையைக் குறைப்பதற்காக.

பச்சரிசிக்கு ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தண்ணீரில் 5, 6 நிமிடம் போதும். பொன்னி புழுங்கல் அரிசியை அரை மணி நேரம் ஊற வைத்து, ஒன்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர் வைத்தால் 8 முதல் 10 நிமிடம் ஆகும். மூடி அடைபட்டிருப்பதால் ஆவியாகும் தண்ணீர் குறைவு. எனவே திறந்த பாத்திரத்தில் வடிப்பதைப் போல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அளவில் ஒரு குழப்பம் வரும். குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி லிட்டர். சமையல் குறிப்புகளில் சொல்லும் கப் 240 மில்லி லிட்டர். அரிசிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்று மாற்றி அளந்தால் சாதம் குழையும் அல்லது விறைக்கும். எந்தக் கப்பானாலும் இரண்டையும் ஒரே கப்பால் அளக்கவும்.

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். அடியில் பருப்பையும் அதற்குரிய தண்ணீரையும் வைக்கவும். மேலே ஸ்டாண்ட் வைத்து, புழுங்கல் அரிசியையும் அதற்குரிய தண்ணீரையும் தனிப் பாத்திரத்தில் வைக்கவும். 10 நிமிடம் அமைக்கவும். நம் அம்மாக்கள் அலுமினியக் குக்கரில் அடுக்கு வைத்துச் செய்ததே இது. கம்ப்யூட்டர் மொழியில் மல்டி டாஸ்கிங். ஆனால் டைமர் ஒன்றுதான் என்பதால், ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேகும் பொருட்களையே சேர்த்து வைக்க வேண்டும். பருப்புடன் முருங்கைக்காயை வைத்தால் காய் காணாமல் போய்விடும். காயைப் பிறகு சாட்டே நிலையில் போட்டு, சாம்பாரைக் கொதிக்கவிட்டுத் தாளிக்கலாம்.

அளவின் எல்லையை மீற வேண்டாம். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் நிரப்பக் கூடாது. அரிசி, பருப்பு, பயறு போன்று பொங்கும் பொருட்கள் என்றால் பாதிதான். நுரை பொங்கி வால்வை அடைத்தால் அழுத்தம் வெளியேற வழி இருக்காது.

பாடம் 3: இட்லியும் தயிரும்

இட்லி வேக வைக்கும்போது வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். அப்போது பல மாடல்களில் ஒரு வேடிக்கை நடக்கும். பத்து நிமிடம் அமைத்தாலும் எண்கள் குறையவே குறையாது. குக்கர் கெட்டுவிடவில்லை. அழுத்தம் ஏறிய பின்பே எண்ண வேண்டும் என்பது ப்ரோகிராம். வால்வு திறந்திருப்பதால் அழுத்தம் ஏறாது. எனவே அது காத்துக் கொண்டே இருக்கும். நிபந்தனை நிறைவேறும் வரை காத்திருக்கும் இத்தகைய சுற்றினை ப்ரோகிராம் எழுதுபவர்கள் லூப் என்பார்கள். இட்லிக்கு ஆவி வரத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 12 நிமிடம் கழித்து நீங்களே கேன்சல் அழுத்துங்கள்.

தயிர் பட்டன் உள்ள மாடல்களில் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரியில் நிலையாக இருக்கும். காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் தயிர் கலந்து வைத்தால் 6 முதல் 8 மணி நேரத்தில் உறைந்துவிடும். சென்னை, மதுரை வெயிலில் இந்தப் பட்டன் தேவையில்லை. ஆனால் ஊட்டியிலோ, குளிர் நாடுகளிலோ இருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் தமிழர்கள் பலர் இட்லி மாவைப் புளிக்க வைக்கவும் இந்தப் பட்டனைப் பயன்படுத்துகிறார்கள். மாவு பொங்கும் என்பதால் பாதிப் பாத்திரத்திற்கு மேல் ஊற்றக் கூடாது. பூட்டும் மூடிக்குப் பதில் சாதாரணத் தட்டால் மூடவும்.

எர்ரர் மெசேஜ் வந்தால்

குக்கர் திடீரென நின்று, "பர்ன்" என்றோ ஏதாவது ஒரு குறியீட்டு எண்ணோ டிஸ்பிளேயில் வரலாம். கம்ப்யூட்டரில் எர்ரர் மெசேஜ் வந்தால் பதறி மூடிவிடாமல் படியுங்கள் என்று சொல்வேன் அல்லவா? இங்கும் அதேதான். அடிப்பாகம் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று சென்சார் சொல்கிறது. அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். வதக்கிய வெங்காயம் அடியில் ஒட்டியிருக்கும், தக்காளி விழுது போன்ற கெட்டியான மசாலா அடியில் தங்கியிருக்கும், தண்ணீர் போதாது, அல்லது வால்வு திறந்திருந்து ஆவி வெளியேறியிருக்கும்.

கேன்சல் அழுத்தி, அழுத்தம் முழுவதும் அடங்கிய பின் திறந்து, அடியை மரக்கரண்டியால் சுரண்டி, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மீண்டும் தொடங்கவும். இனிமேல் வராமல் இருக்க, வதக்கி முடித்ததும் சிறிது தண்ணீர் ஊற்றி அடியைச் சுரண்டிவிடுங்கள். தக்காளி விழுதைக் கடைசியில் மேலாகப் போட்டுக் கிளறாமல் மூடுங்கள்.

குக்கருக்குத் தெரியாதவை

இந்தப் பகுதியைத் தயவு செய்து இரண்டு முறை படிக்கவும். இது குடும்பத்தின் உடல்நலம் தொடர்பானது.

தாமதத் தொடக்கம்: காலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மாலையில் சமையல் தொடங்குமாறு அமைக்கும் வசதி இது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அத்தனை மணி நேரமும் உணவு அறை வெப்பத்தில்தான் கிடக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால், தேங்காய்ப் பால் ஆகியவற்றை ஒருபோதும் இப்படி வைக்க வேண்டாம். அரிசி, பருப்பை ஒன்றிரண்டு மணி நேரம் ஊற வைக்க மட்டும் இதைப் பயன்படுத்தவும்.

சூடாக வைத்தல்: சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும் அல்லது இரண்டு மணி நேரத்திற்குள் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குக்கர் தன் வேலையைச் சரியாகச் செய்து 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும். ஆனால் மின்சாரம் போனால்? சாதம் ஆறத் தொடங்கும். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் அரிசியில் இருப்பது வழக்கம். கொதிக்க வைத்தாலும் இவை அழிவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் போகாது. எனவே வெளியே சென்று திரும்பி வந்து பார்க்கும்போது டிஸ்பிளே வெறுமையாக இருந்தால், மின்சாரம் எப்போது போனது என்று விசாரியுங்கள். நீண்ட நேரம் ஆகியிருந்தால் அந்தச் சாதத்தைக் கொட்டிவிடுவதே நல்லது. ஒரு டம்ளர் அரிசியைவிட உங்கள் குழந்தையின் வயிறு முக்கியம்.

ராஜ்மா: சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உள்ளது. நன்கு கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக் நிலையில் வெப்பம் அதற்குப் போதாது. ராஜ்மாவை இரவு முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரஷர் நிலையில் மட்டுமே வேக வைக்கவும்.

ப்ளக் செருகும் முன்

அமெரிக்காவில் இருந்து உறவினர் வாங்கி வரும் குக்கர் 120 வோல்ட்டில் இயங்குவது. லேப்டாப் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதால் அது எங்கும் வேலை செய்யும். ஹீட்டர் அப்படி அல்ல. 120 வோல்ட் ஹீட்டருக்கு நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் மூன்றரை மடங்கிற்கும் மேலான மின்திறன் பாயும். வெறும் பின்னை மாற்றித் தரும் கன்வர்ட்டர் ப்ளக் வோல்ட்டைக் குறைக்காது. குக்கரின் அடியில் உள்ள லேபிளைப் படித்த பின்பே ப்ளக்கைச் செருகவும்.

கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் குக்கரைச் செருகவே கூடாது. வீட்டில் உள்ள 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது 360 வாட் அளவுதான். குக்கருக்குத் தேவை 1000 வாட். எர்த் உள்ள சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகவும். மின்செலவைக் கணக்கிடுவது எளிது. 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் ஒரு யூனிட். அழுத்தம் ஏறிய பின் ஹீட்டர் விட்டு விட்டுத்தான் எரியும் என்பதால் உண்மையான செலவு இதைவிடக் குறையும்.

மின்தடை வந்தால் சில மாடல்கள் விட்ட இடத்தில் தொடரும். பல மாடல்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும். சேவ் செய்யாத பைல் மறைவது போலத்தான். உங்களுடையது எந்த வகை என்று தண்ணீர் சோதனையின் போதே ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டு அறிந்து கொள்ளுங்கள்.

வைரஸ் வருமா?

சாதாரண மல்டி குக்கரில் வைரஸ் வராது. அதில் புதிய ப்ரோகிராமை ஏற்ற வழியே இல்லை. ஆனால் வைஃபை இணைப்பும் தொடுதிரையும் உள்ள குக்கர்கள் முழுக் கம்ப்யூட்டர்களே. 2019ல் பிரான்சில், லிடில் நிறுவனம் விற்ற மெஸ்யூ குய்சீன் கனெக்ட் என்ற சமையல் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த இருவர், வாங்கியவர்களுக்குச் சொல்லப்படாத ஒரு மைக்ரோபோன் உள்ளே இருப்பதைக் கண்டனர். பழைய ஆண்ட்ராய்ட் 6 பதிப்பில் அது இயங்கியதும் தெரிய வந்தது. எதிர்காலத்தில் குரல் வழிக் கட்டளைக்காக வைத்தோம், இப்போது அது செயல்படவில்லை என்று நிறுவனம் விளக்கியது. வைஃபை உள்ள சாதனத்தை வாங்கினால் ரூட்டரின் பாஸ்வேர்டை மாற்றிக் கொள்ளுங்கள். இன்டர்நெட் இல்லாமலும் அது சமைக்குமா என்று கடையிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். பருப்பு வேக வைக்க இன்டர்நெட் தேவையில்லை.

பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் காஸ்கெட்டைக் கழற்றிக் கழுவிக் காய வைக்கவும். பிரியாணி வாசனை அதில் ஏறிக்கொள்ளும் என்பதால் பாயசத்திற்குத் தனியாக ஒன்று வைத்துக் கொள்ளலாம். வால்வின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். வெளிப்பாகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். மூடியின் மேல் துணியைப் போட்டு மூட வேண்டாம்.

இந்த மாத வீட்டுப் பாடம்

கம்ப்யூட்டரில் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் ப்ரோகிராமைத் திறக்கவும். முதல் வரிசையில் உணவு, அளவு, தண்ணீர், சூடேறிய நிமிடம், வெந்த நிமிடம், அடங்கிய நிமிடம், மொத்தம், பக்குவம் என்று எட்டுத் தலைப்புகளை டைப் செய்யவும். ஒவ்வொரு முறை சமைத்த பின்னும் ஒரு வரிசை நிரப்பவும். மொத்தம் என்ற கட்டத்தில் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனை அழுத்தவும். கூட்ட வேண்டிய கட்டங்களாக மூன்று நிமிடக் கட்டங்களை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் கூட்டுத்தொகை கிடைக்கும். அளவும் தண்ணீரும் அந்தக் கூட்டலில் சேர்ந்துவிடாமல் பார்த்துக் கொள்ளவும்.

பத்து நாட்களில் உங்கள் வீட்டு அரிசிக்கும், உங்கள் ஊர்த் தண்ணீருக்கும், உங்கள் குடும்பத்தின் ருசிக்கும் பொருந்தும் அட்டவணை ஒன்று தயாராகிவிடும். பெரிய எழுத்தில் அச்சிட்டுக் குக்கருக்கு அருகில் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா தன் அட்டவணையைப் பார்த்துத்தான் பொங்கலுக்கு நிமிடம் வைக்கிறார். நிறுவனம் தந்த மேனுவலில் வெண்பொங்கலுக்குக் குறிப்பே இல்லை.